எட்டுக் கூம்பில் ஒரு பெயர்

என் வீட்டுக்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குழாய்க்காரர், அவ்வளவுதான். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவருக்கு அப்படி ஒரு பட்டம். தபால்காரர்கூட வாசலில் நின்று, "குழாய்க்காரர் வீடு இதுதானே?" என்றுதான் கேட்பார். கல்யாணமான புதிதில் பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தி, ஒழுகுகிற தண்ணீர்க் குழாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே வந்து நின்றாள். நான் சிரித்துத் திருப்பி அனுப்பப் பார்த்தேன். இவர் அதை வாங்கி, உட்கார்ந்து, நூல் சுற்றிச் சரிசெய்து கொடுத்தனுப்பினார். அப்படிப்பட்ட ஆளோடு என்னத்தைச் சண்டை போடுவது? ஆனாலும் போட்டேன். இருந்த காலம் முழுக்க விடாமல் போட்டேன்.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அந்தக் காலத்தில் முன்னறையில் கால் வைக்க இடம் இருக்காது. சுவரோரம் கூம்பு ஸ்பீக்கர்கள் அடுக்கியிருக்கும். ஆணிக்கு ஆணி ஒயர்ச் சுருள். மேஜைமேல் ஆம்ப்ளிஃபயர், அதன் நெற்றியில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. விருந்தாளி உட்கார வேண்டுமென்றால் பேட்டரியை நகர்த்தித்தான் நாற்காலியைக் கண்டுபிடிக்க வேண்டும். விடிந்ததும் ஈயம் உருக்குகிற வாசனை சமையலறைவரை வரும். "பல்லு விளக்குறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சா?" என்று கத்துவேன். "ரெண்டே ரெண்டு இடம்தான், பத்தவெச்சா முடிஞ்சுது" என்பார். இப்போது ரேடியோக் கடைப் பக்கம் போகும்போது அந்த வாசனை வந்தால் கால் தானாக நின்றுவிடுகிறது.

ஊருக்கே சத்தம் கொடுத்த மனிதர் வீட்டில் வாயே திறக்க மாட்டார். நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உம் கொட்டுவார். எல்லாக் கட்சிக்கும் அவர்தான் மைக். காலையில் ஒரு கட்சி, மாலையில் அதை நார் நாராகக் கிழிக்கிற இன்னொரு கட்சி. நடுவில் மைக்கைத் துணியால் அழுத்தித் துடைப்பார்.

"எதுக்குங்க இவ்வளவு தேய்க்கிறீங்க? காலையில பேசினவரோட பொய்யெல்லாம் ஒட்டிக்கிட்டிருக்கா?"

"பொய் ஒட்டாதும்மா. எச்சில்தான் ஒட்டும்."

கூட்டம் முடிந்து வந்ததும் என்ன பேசினார்கள் என்று கேட்பேன். "நல்லா பேசினார், குரல் சீரா இருந்துச்சு" என்பார். அது சரி, என்னதான் பேசினார் என்றால், "அதெல்லாம் யாருக்குத் தெரியும்" என்பார். வார்த்தை அவர் காதில் ஏறவே ஏறாது. குரலின் ஏற்ற இறக்கம்தான் ஏறும். மேடைக்குப் பக்கவாட்டில் மேஜை போட்டு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகின் மேல் கையை வைத்தால் கூட்டம் கலையும்வரை எடுக்க மாட்டார். பேசுகிறவர் கத்தினால் கை குறைக்கும். பேசுகிறவர் குரலைத் தாழ்த்தினால் கை ஏற்றும். முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஒரே மாதிரி கேட்க வேண்டும், அதுதான் அவர் தொழில் தர்மம். அது ரத்தத்தில் ஊறிப்போய், சாப்பிடும்போது நான் ரகசியமாக எதையாவது சொன்னால் அவர் விரல்கள் தட்டின் விளிம்பைப் பிடித்து மெல்லத் திருகும். எங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள்.

அம்மா அப்படிச் சிரித்ததெல்லாம் சின்னவன் விவகாரத்துக்கு முன்னால்.

சின்னவன் என் தம்பி. எனக்கும் அவனுக்கும் வயது வித்தியாசம் அதிகம், என் இடுப்பில் வளர்ந்தவன். லாரி ஓட்டினான். தெருமுனையில் அவன் அடிக்கிற ஹாரனை வைத்தே நான் டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவேன். உள்ளே வரும்போதே, "அக்கா, உன் டீயில சர்க்கரை போட்டா சர்க்கரைக்குக் கோபம் வருமா?" என்பான். அவனுக்கும் மூக்கு நுனியில்தான் கோபம். எங்கள் அப்பா விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான், இரண்டு பேரும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

ஊர்க்கோடியில் ஒரு பெரிய பஞ்சு குடோன். அங்கே சுமை ஏற்றுகிறவர்களின் சங்கச் செயலாளருக்கும் சின்னவனுக்கும் ஒருநாள் டீக்கடையில் வாய்த்தகராறு. எந்த லாரி முதலில் போவது என்பதில் ஆரம்பித்தது. இவன் எல்லோர் முன்னாலும், "ஒருநாள் உன்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டு நான் பாட்டுக்குப் போயிடுவேன் பாரு" என்று சொல்லித் தொலைத்தான். அந்த வாரமே குடோன் தீப்பிடித்து எரிந்தது. செயலாளர் உள்ளே கிடந்தார். கதவு பூட்டியிருந்தது.

போலீஸ் வந்தது, சின்னவனைக் கூட்டிக்கொண்டு போனது, விசாரித்துவிட்டு அனுப்பியது, மறுபடி கூப்பிட்டது. ஆனால் அந்த இன்ஸ்பெக்டர் பொறுமையான ஆள். அழுதுகொண்டு போய் நின்ற என்னிடம், "இந்தாங்கம்மா, டீக்கடையில வாய்விட்டவன் எல்லாம் கொலைகாரன்னா இந்த ஊர்ல ஜெயில் பத்தாது. அவன் அன்னைக்கு எங்க இருந்தான்னு ஒவ்வொரு இடமா விசாரிச்சுக்கிட்டிருக்கேன். குடோன்ல வேலை பார்க்கறவங்க எல்லாரையும் விசாரிக்கணும். கொஞ்ச நாள் குடுங்க" என்றார். பயம் போகவில்லை, ஆனாலும் அன்று இரண்டு வாய் சாப்பிட்டேன்.

செயலாளர் ஆளுங்கட்சிக்காரர். அவருக்கு இரங்கல் கூட்டம் மைதானத்தில் ஏற்பாடானது. தலைவரே வருகிறார். மைக்? வேறு யார், இவர்தான். எட்டுக் கூம்பு வேண்டும், கடைத்தெருவரை கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கூட்டம் தொடங்குவதற்கு முன்பே நான் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன். கட்சிக்காரர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்திருந்தது.

"ஏங்க, தலைவர் சின்னவன் பேரைச் சொல்லப் போறாராம்."

"சொல்ல மாட்டார்ம்மா. பெரிய மனுஷன். விசாரணை நடந்துக்கிட்டிருக்கும்போது அப்படியெல்லாம் பேசுவாரா?"

"பேசினா?"

அவர் ஒயர் முனையை முறுக்க ஆரம்பித்தார்.

"பேசினா மைக்கைக் கட் பண்ணிடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்."

"என்ன பேசுற நீ? மைக் கொடுத்துட்டு மைக்கைப் பிடுங்கறதா? என்னைத் திட்டினவனுக்கே நான் முழுசா சத்தம் கொடுத்திருக்கேன்."

தலைவர் வந்தார். எள் விழ இடமில்லாத கூட்டம். ஆரம்பத்தில் கதறினார், இவர் கை குறைத்தது. செயலாளரின் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லித் தழுதழுத்தார், கை ஏற்றியது. பிறகு தலைவர் பேச்சை நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கூட்டத்தைப் பார்த்தார்.

"காவல்துறை தேடிக்கொண்டிருக்கிறதாம். எங்கே தேடுகிறீர்கள்? கொலைகாரன் எங்கும் போய்விடவில்லை. இதே ஊரில் லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறான். அவன் பெயர் தெரியுமா உங்களுக்கு?"

குரலை அப்படியே இறக்கினார். காதோடு காதாகச் சொல்வதுபோல என் தம்பியின் பெயரை, எங்கள் அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னார்.

இவர் கை ஏறியது.

நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, தெரிந்தும் செய்யவில்லை. குரல் இறங்கியது, விரல் திருகியது. எத்தனையோ வருஷமாகச் செய்த வேலையை அந்த விரல் செய்தது. அன்று அந்தக் கூட்டத்தில் எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் கேட்டது என் தம்பியின் பெயர்தான். கடைத்தெருவில் கேட்டது. அம்மா வீட்டில் கேட்டது. அம்மா கையில் இருந்த பாத்திரத்தோடு வாசலுக்கு ஓடி வந்தாளாம். பெயர் போன பிறகுதான் இவருக்கு வார்த்தை காதில் ஏறியது. திருகின் மேலிருந்து கையைச் சுட்டுக்கொண்டதுபோல எடுத்தார். அதற்குள் கைதட்டல் தொடங்கியிருந்தது.

மறுநாள் காலையிலேயே இன்ஸ்பெக்டர் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் விசாரிச்சு முடிக்கலம்மா. ஆனா மேல இருந்து போன் மேல போன். தலைவரே சொன்னதுக்கு அப்புறம் கைது பண்ணாம உட்கார்ந்திருக்கியான்னு கேக்கறாங்க" என்றார். சின்னவன் சட்டையை மாட்டிக்கொண்டு, "டீ ஆறிடும், நீ குடிச்சிடு அக்கா" என்றுவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு ஊர் எப்படி மாறியது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நேற்றுவரை சிரித்தவர்கள் எதிரில் வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார்கள். வீட்டுக் கூரையில் கல் விழுந்தது. அம்மா கடைக்குப் போவதை நிறுத்தினாள். கேட்டவர்கள் யாரும் "கொன்னானாமே" என்றுகூடக் கேட்கவில்லை. "ஏன் கொன்னான்?" என்றுதான் கேட்டார்கள்.

நான் எல்லாக் கோபத்தையும் இவர் தலையில் கொட்டினேன். "கத்தியால குத்தியிருந்தாக்கூட அவனோட போயிருக்கும். எட்டு ஸ்பீக்கர் கட்டிக் குத்தினீங்களே" என்றேன். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கையை விரித்து வைத்துக்கொண்டு, யாரோ ஒருத்தருடைய கையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஜெயிலில் சின்னவனைப் பார்த்துவிட்டு வந்த ஒருநாள் எதிர்க்கட்சிக்காரர்கள் அம்மா வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் தலைவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார், போட்டோ எடுத்தார்கள். போட்டோக்காரர் சரியாக வரவில்லை என்றதும் இன்னொரு தடவை பிடித்துக்கொண்டார். அதே மைதானத்தில் கண்டனக் கூட்டம் போடப் போவதாகச் சொன்னார்கள். "கவலையே படாதீங்கம்மா. உங்க பையன் அப்பாவின்னு தலைவர் புட்டுப்புட்டு வைக்கப் போறார். யாரு செஞ்சாங்கன்னும் சொல்லப் போறார்."

யார் என்று கேட்டேன். குடோனின் எடைமேடையில் வேலை பார்க்கிறவன் என்றார்கள். லாரிகளை நிறுத்தி எடை பார்க்கிற ஆள். ஆளுங்கட்சிக்காரனாம், சாவி அவனிடம்தான் இருந்ததாம். "நிச்சயமாத் தெரியுமா?" என்று இவர் மூலையிலிருந்து கேட்டார். "விசாரிச்சா தெரிஞ்சிடப் போகுது" என்றார்கள். எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. என் தம்பிக்காக ஒரு தலைவர் பேசப் போகிறார், அதுவும் அதே மைதானத்தில், அதே எட்டுக் கூம்பில். அம்மாவுக்குத் தலைவாரிவிட்டு, நல்ல துணி உடுத்திவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள்.

எனக்கு நாலைந்து ஆள் தள்ளி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மேடையையே வெறித்துக்கொண்டிருந்தாள். எடைமேடைக்காரன் பெண்டாட்டி என்று பக்கத்தில் இருந்தவள் காதைக் கடித்தாள். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

தலைவருக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. மைக் இல்லாவிட்டால் மேடையில் இருப்பவர்களுக்கே கேட்டிருக்காது. இருந்தாலும் விளாசினார். சின்னவனைப் பற்றிப் பேசும்போது அம்மா கைகூப்பிக்கொண்டு அழுதாள். பிறகு அவரும் நிறுத்தினார். அவரும் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். இவர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படித்திருப்பார்கள் போல.

"உண்மையான கொலைகாரன் யார்? நான் சொல்லட்டுமா? சாவி யாரிடம் இருந்ததோ, அவன்! அவன் பெயர்..."

குரலை இறக்கினார். அவ்வளவுதான். எட்டுக் கூம்பும் ஒரே நேரத்தில் செத்தன.

தலைவர் வாய் அசைந்தது, ஒன்றும் வரவில்லை. மைக்கைத் தட்டினார். கூட்டம் விசிலடித்தது. கட்சிக்காரர்கள் மேஜைக்கு ஓடினார்கள். "ஃபியூஸ் போயிடுச்சுங்க" என்றார் இவர். ஆம்ப்ளிஃபயர் மேல் கவிழ்ந்து உட்கார்ந்து எதையோ கழற்றுகிறார், எதையோ மாட்டுகிறார். ஃபியூஸ் போனால் சிவப்பு விளக்கு எரியாது என்று அந்த மைதானத்தில் அவரைத் தவிர எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. அவர் நிமிர்ந்தார், என்னைப் பார்த்தார், பார்வையை விலக்கவில்லை. தலைவர் கையை உதறிவிட்டுக் காரில் ஏறிப் போனார். பெயர் யார் காதிலும் விழவில்லை.

நான் வீட்டுக்குப் போகவில்லை. அம்மாவோடு அம்மா வீட்டுக்கே போய்விட்டேன். காலையில் இவர் வந்து வாசலில் நின்றார்.

"எதுக்கு வந்தீங்க? என் தம்பியைச் சொன்னப்போ சத்தத்தை ஏத்தினீங்க. எவனோ ஒருத்தனைச் சொல்ல வந்தப்போ நிறுத்தினீங்க. அவன் உங்களுக்கு என்ன, மாமனா மச்சானா?"

"அவன் யாருன்னே எனக்குத் தெரியாது."

"அப்புறம்?"

"அவன் பொண்டாட்டி உட்கார்ந்திருந்தா. அன்னைக்கு நீ என் பக்கத்துல நின்ன மாதிரியே இருந்தா." வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார். "அவன் செஞ்சானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அந்தத் தலைவருக்கும் தெரியாது. அன்னைக்குத் தெரியாம பண்ணிட்டேன். தெரிஞ்சு இன்னொரு தடவை பண்ணச் சொல்றியா?"

"ஆமா! பண்ணச் சொல்றேன்! என் தம்பி வெளிய வரணும்!"

அவர் போய்விட்டார். நான் பேச்சை நிறுத்திவிட்டேன். என்னைப் போன்றவள் பேசாமல் இருந்தால் அது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துக்கொள்ளுங்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் இவரை இனிமேல் கூப்பிடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஆளுங்கட்சிக்காரர்கள் வந்து, "சமயம் பார்த்து நிறுத்தினீங்களே, பலே!" என்று முதுகில் தட்டினார்கள். அவர்கள் கூட்டத்துக்கும் இனி வர முடியாது என்று இவரே சொல்லி அனுப்பிவிட்டார். அப்படியாக இரண்டு பக்கத்துப் பிழைப்பும் போனது.

ஒரு வாரம் போயிருக்கும். இன்ஸ்பெக்டர் அம்மா வீட்டுக்கு வந்தார். அன்று என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

எடைமேடைக்காரன் வாய் திறந்துவிட்டான். செயலாளர் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்து, ஒரு ராத்திரி உள்ளே படுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். இவன் விதியை மீறிக் கதவைத் திறந்துவிட்டு, வெளியே தெரியாமல் இருக்கட்டும் என்று மறுபடி பூட்டிவிட்டு, சாவியோடு சாப்பிடப் போயிருக்கிறான். பஞ்சுப் பொதிக்கு நடுவில் மண்ணெண்ணெய் விளக்கு. திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வேலை போய்விடுமே, ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்குமே என்று பயந்து மூடி மறைத்திருக்கிறான். இன்ஸ்பெக்டர் சத்தமில்லாமல் நாலு தடவை போய், அவனோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார். விளக்கு விற்ற கடைக்காரர், சாப்பாட்டுக் கடைக்காரர், எல்லோர் சொன்னதும் பொருந்தியது.

"அந்தக் கூட்டத்தன்னைக்கு அவன் பையைக் கட்டி வெச்சுக்கிட்டு வீட்ல உட்கார்ந்திருந்தான். பேரு வெளிய வந்தா ஓடிடறதுன்னு. ஓடியிருந்தான்னா என்கிட்ட சாட்சியே கிடையாது. உங்க தம்பி உள்ளயே கிடந்திருப்பான்" என்றார் இன்ஸ்பெக்டர். டீயைக் குடித்து முடித்தார். "ஃபியூஸ் நல்ல நேரத்துல போச்சு."

மன்னிப்பெல்லாம் நான் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போனேன். இவர் கீழே உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். "வீட்டைப் பாருங்க, ஒரு வாரத்துல குப்பைத்தொட்டி ஆக்கி வெச்சிருக்கீங்க" என்றேன். அவர் அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். நானும் அழுதேன்.

சின்னவன் வெளியே வந்தான். வந்து என்ன பிரயோசனம்? உள்ளே போனது எட்டுக் கூம்பில் ஊருக்கே தெரியும். வெளியே வந்தது, செய்தித்தாளின் உள்பக்கத்தில் வரன் விளம்பரத்துக்குக் கீழே நாலு வரி. யாரும் லோடு கொடுக்கவில்லை. "கேஸ் நிக்கலன்னு விட்டுட்டாங்க, அவ்வளவுதான். தலைவர் சும்மாவா சொல்லியிருப்பாரு?" என்று முடித்துக்கொண்டார்கள். அவன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தான். டீயைப் பற்றிக் கிண்டல் இல்லை. கொடுத்தால் குடிப்பான். அவன் திட்டினால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

இவர் ஆளுங்கட்சித் தலைவர் வீட்டுக்குப் போனார். வராந்தாவில் காலையிலிருந்து காத்திருந்து பார்த்தார். "நீங்க சொன்ன அதே இடத்துல, அவன் இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க ஐயா. மைக் நானே கட்டறேன்" என்று கேட்டாராம். தலைவர் சிரித்தாராம். "அதான் விட்டுட்டாங்களேப்பா. நான் வேற எதுக்கு? அன்னைக்கு இருந்த நிலைமைக்குப் பேசினது, அதையெல்லாம் தோண்டக் கூடாது" என்று தோளில் தட்டி அனுப்பினாராம். கோபமே வராத மனிதர் வீட்டுக்கு வந்து தண்ணீர்ச் செம்பைத் தரையில் ணங்கென்று வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்தைச் சுற்றி அதே கம்பங்களில் எட்டுக் கூம்பையும் ஏற்றினார். ஏணியைப் பிடித்துக்கொள்ள வேறு யாரும் வரவில்லை, நான்தான் பிடித்தேன். மேடை இல்லை, கூட்டம் இல்லை, நாலு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. திருகை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்து என்னை மேஜையில் உட்கார வைத்துவிட்டு, மைக் முன்னால் போய் நின்றார். நின்றவர் நின்றவர்தான். கடைசியில் வாயைத் திறந்தால் ஒரு முழம் தள்ளி நின்று முணுமுணுக்கிறார்.

"வாயை மைக்குக்கிட்ட வைங்க! எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கீங்க!" என்று கத்தினேன். அது எட்டுக் கூம்பிலும் போனது. கடைத்தெருவே வெளியே வந்தது.

"வணக்கம்" என்றார் இவர். "நான் குழாய்க்காரன் பேசறேன். குடோன் தீயில என் மச்சான் மேல தப்பில்லைன்னு போலீஸ் விசாரிச்சுச் சொல்லிட்டாங்க. அன்னைக்கு அவன் பேரை நீங்க கேட்டது என் ஸ்பீக்கர்லதான். இதையும் அதுலயே கேட்டுக்கங்க. அவன் யாரையும் கொல்லல. நல்ல பையன். டீக்கு மட்டும் சர்க்கரை அதிகமா கேப்பான்." அப்புறம் என்ன சொல்வது என்று தெரியாமல் முதலிலிருந்து மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது இன்ஸ்பெக்டர் ஜீப் வந்து நின்றது. அவர் இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு, இவர் முடிக்கும்வரை நின்றார். முடித்ததும் பக்கத்தில் வந்து, "அனுமதி வாங்கினீங்களா குழாய்க்காரரே?" என்று கேட்டார். இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார். "கடைக்காரர் ஒருத்தர் புகார் எழுதியே கொடுத்துட்டார். கேஸ் போடாம இருக்க முடியாது."

கோர்ட்டில் நீதிபதி கேட்டார், "அனுமதி இல்லாம ஏன் ஒலிபெருக்கி வெச்சீங்க?"

"கேக்கப் போனேங்க. என்ன நிகழ்ச்சின்னு கேட்டாங்க. ஒருத்தன் தப்புப் பண்ணலன்னு சொல்றதுக்குன்னேன். அந்த மாதிரிக் காரணத்துக்கெல்லாம் கொடுக்கறதில்லைன்னுட்டாங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டம் சட்டம்தான், கோர்ட் கலையும்வரை ஓரமாக நிற்க வேண்டும் என்று தண்டனை கொடுத்தார். நினைத்துப் பாருங்கள். ஒரு ஆள் செத்து, ஒரு குடோன் எரிந்து, இரண்டு தலைவர்கள் முழங்கி, என் தம்பி உள்ளே போய் வந்து, எடைமேடைக்காரன் வேலையிழந்து, இத்தனைக்கும் நடுவில் பேசியதற்காகத் தண்டனை வாங்கின ஒரே மனிதர் வாயே திறக்காத என் வீட்டுக்காரர்தான். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சிரிப்பும் வருகிறது. அவர் அந்தச் சுவரோரம் கைகட்டி நின்றபோது இருந்த அழகு, கல்யாணத்தன்றுகூட இல்லை.

மதியம் ஆனது. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாசல் பக்கம் சலசலப்பு. திரும்பிப் பார்த்தால் சின்னவன். கையில் சாப்பாட்டு அடுக்கு. வீட்டிலிருந்து கோர்ட்டுக்கு வர வேண்டுமென்றால் கடைத்தெரு முழுவதையும் தாண்டித்தான் வர வேண்டும். பட்டப்பகலில், தலையைக் குனியாமல், வேர்க்க வேர்க்க நடந்து வந்திருக்கிறான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என்னைப் பார்க்கவில்லை, மாமாவைத்தான் பார்த்தான்.

வாசலில் இருந்த குமாஸ்தா மறித்தார். "யாருப்பா நீ? பேரென்ன?"

சின்னவன் நின்றான். அங்கே இருந்த வக்கீல்கள், போலீஸ்காரர்கள், சாட்சி சொல்ல வந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவன் தன் பெயரைச் சொன்னான். எங்கள் அப்பா பெயரோடு சேர்த்து, முழுசாக, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

குமாஸ்தா தலையாட்டிவிட்டு, சத்தம் போடாமல் உட்காரச் சொன்னார்.